காய்ச்சி ஊறுவதும் ஊறிக் காய்ச்சுவதும்

"என்னடா, வீட்டுலயே சாராயம் காய்ச்சுறியாமே?"

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரிலிருந்து அம்மாவின் போன். இங்கே மினசோட்டாவில் வெளியே பனி. வாய்தவறிச் சொன்னது மனைவி. "சாராயம் இல்லம்மா, பீர்" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான். உங்க சின்ன மாமா கதை ஞாபகம் இருக்குல்ல?" என்றாள்.

இருக்கிறது. மாமா கள்ளச்சாராயம் குடித்தவரில்லை. கடையில் வாங்கித்தான் குடித்தார். நாற்பத்தாறு வயதில் கல்லீரல் போய், அவரும் போனார்.

அம்மாவின் கேள்விக்குள் இரண்டு பயம் இருக்கிறது. ஒன்று, வீட்டில் செய்த சரக்கு விஷமாகிவிடும் என்பது. மற்றது, மகன் மாமா மாதிரி ஆகிவிடுவான் என்பது. முதல் பயத்துக்கு என்னிடம் முழுப் பதில் உண்டு. இரண்டாவதற்கு வருகிறேன், கடைசியில்.

முதலில் அந்தக் "காய்ச்சுறியா" என்கிற சொல். தமிழில் சாராயத்தையும் காய்ச்சுகிறோம், பீரையும் காய்ச்சுகிறோம். குழப்பம் இங்கேதான் ஆரம்பம். சாராயம் காய்ச்சுபவர் முதலில் வெல்லம், பட்டை எல்லாம் போட்டு ஊறல் வைப்பார். அது பொங்கிப் புளித்த பிறகு அடுப்பிலேற்றி, வருகிற ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார். ஊறிய பிறகு காய்ச்சுவது. பீரில் வரிசை தலைகீழ். முதலில் கொதிக்கவைக்கிறோம், ஆறவைக்கிறோம், பிறகு ஊறவிடுகிறோம். அதோடு சரி. மறுபடி அடுப்பு கிடையாது. ஆவி பிடிப்பது கிடையாது. பீர் என்பது ஊறலோடு நின்றுவிடுகிற சமாச்சாரம்.

விஷத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கும் மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அது ஊறலில் தானாக விளைந்து வந்ததல்ல. தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனாலைப் போதைக்காகக் கலந்துவிடுகிறார்கள். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. கண் நரம்பு முதலில் போகும், பிறகு உயிர்.

நொதித்தலில் மெத்தனால் வரவே வராதா என்றால், துளி வரும். பழங்களில் இருக்கும் பெக்டின் என்ற பொருள் சிதைவதால் வருவது அது. பார்லியில் பெக்டின் மிகக் குறைவு. வருகிற துளியையும் பீரில் யாரும் வடித்துச் செறிவாக்குவதில்லை. அதனால் வீட்டு பீர் குடித்துக் கண் போகாது. (வேறு விதமாகப் போக வாய்ப்புண்டு. சொல்கிறேன்.)

சரி, செய்முறைக்கு வருவோம். பீருக்கு வேண்டியவை நான்கே: மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர்.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. ஏன் முளைகட்ட வேண்டும்? நம்மூர் கேழ்வரகை நினைத்துக்கொள்ளுங்கள். முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் கஞ்சி வைத்தால், சாதா மாவுக் கஞ்சியைவிட நீர்க்க இருக்கும், லேசாக இனிக்கும். முளைக்கிற விதை, தன்னிடம் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டிக்கொள்ள அமைலேஸ் என்கிற நொதிகளைத் தயாரிக்கிறது. செடி சாப்பிட வேண்டிய அந்தச் சர்க்கரையைத்தான் நாம் நடுவில் புகுந்து எடுத்துக்கொள்கிறோம்.

19 லிட்டர் பீருக்கு (அமெரிக்கக் கணக்கில் 5 கேலன்) சுமார் நாலரை கிலோ மால்ட் எடுத்து ஒன்றிரண்டாக உடைத்து, 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறேன். இந்த 66 முக்கியம். இரண்டு விதமான அமைலேஸ் இருக்கின்றன. ஒன்று 60-65 டிகிரியில் சுறுசுறுப்பாக இருக்கும், ஈஸ்ட் முழுதாகத் தின்னக்கூடிய சர்க்கரையாக வெட்டும். மற்றது 70 டிகிரி பக்கம் வேலை செய்யும், ஈஸ்ட்டுக்குச் செரிக்காத பெரிய துண்டுகளையும் மிச்சம் வைக்கும். சூட்டைக் குறைத்தால் வறண்ட, லேசான பீர். கூட்டினால் நாக்கில் கனமாக நிற்கும் பீர். மூன்று டிகிரி வித்தியாசத்தைக் குடிக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் போதும். நீலம் பாய்ந்தால் இன்னும் ஆகவில்லை. பள்ளியில் உருளைக்கிழங்கு மேல் அயோடின் விட்டது எனக்கு உபயோகப்பட்டது இந்த ஒரு இடத்தில்தான்.

வடித்தெடுத்த இனிப்புத் தண்ணீரை அடுப்பிலேற்றி ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறேன். கொதி வந்ததும் 30 கிராம் ஹாப்ஸ். பச்சை நிறத்தில் சின்னக் கூம்பு மாதிரி இருக்கும் பூ அது. நெடுநேரம் கொதிப்பதில் அதன் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன. அடுப்பை அணைக்கும்போது இன்னொரு 30 கிராம். இது வாசனைக்கு. ஆரம்பத்தில் போட்டதன் வாசனையெல்லாம் ஆவியோடு போயிருக்கும், கடைசியில் போட்டதற்குக் கசப்பாக மாற நேரம் இருக்காது. ரசத்தில் மிளகை முதலிலேயே போட்டு, கொத்துமல்லியை இறக்கும்போது போடுகிறோமே, அதே நியாயம்தான்.

இனிமேல்தான் ஜாக்கிரதை. பானை 100 டிகிரியில் இருந்தவரை எந்தக் கிருமியும் அண்டாது. 20 டிகிரிக்கு ஆறவைத்துவிட்டால் அது எல்லாக் கிருமிக்கும் விருந்து. ஆகவே சீக்கிரம் ஆற்ற வேண்டும், ஆறியதைத் தொடுகிற ஒவ்வொரு பொருளும் கிருமியில்லாமல் இருக்க வேண்டும். வாளி, மூடி, கரண்டி, குழாய், கை எல்லாம். முதல் தடவை நான் ப்ளீச்சிங் திரவத்தில் கழுவி, சரியாக அலசாமல் விட்டேன். குளோரின், பீரிலுள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிட்டது. 19 லிட்டரும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசனை. சாக்கடையில் கொட்டினேன். வீட்டில் பீர் செய்வது என்பது முக்கால்வாசி பாத்திரம் தேய்ப்பது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஈஸ்ட். பதினோரு கிராம் பொட்டலம் ஒன்று. தோசை மாவுக்கு நாம் எதையும் சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்த பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவை பார்த்துக்கொள்கின்றன. பீரில், இருப்பவர்களையெல்லாம் கொதிக்கவைத்துக் காலி செய்துவிட்டு, நாம் தேர்ந்தெடுத்த ஒருவரை மட்டும் குடியேற்றுகிறோம். இது புதிய பழக்கம். 1516-இல் பவேரியாவில் போட்ட பிரபலமான பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத்தான் சொல்கிறது. ஈஸ்ட் என்று ஒரு உயிர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பாஸ்டர் பீரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியது 1876-இல். 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். இன்றைக்கும் தோசை மாவு பாணியில் பீர் செய்கிறவர்கள் பெல்ஜியத்தில் இருக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீரை அகலமான தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருப்பவர்களை வரவிடுவார்கள். நன்றாகப் புளிக்கும். எனக்குப் பிடிக்கும், பழைய சோற்று நீராகாரம் பழகிய நாக்கு.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. எவ்வளவு தின்றது என்று பார்க்க ஹைட்ரோமீட்டர். பால்மானி பார்த்திருப்பீர்களே, அதன் அண்ணன். ஆரம்பத்தில் 1.050 காட்டும். சர்க்கரை கரைந்து தீரத் தீரக் கீழே இறங்கி 1.012 பக்கம் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.038. இதை 131-ஆல் பெருக்கினால் சுமார் 5. அதாவது 5 சதவிகித ஆல்கஹால்.

இப்போது, கண் எப்படிப் போகலாம் என்று பார்ப்போம். பீரில் நுரை வருவதற்காக, பாட்டிலில் அடைக்கும்போது மொத்தத்துக்கும் சுமார் 120 கிராம் சர்க்கரை சேர்ப்போம். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று உண்டாக்கும் வாயு, மூடிய பாட்டிலுக்குள் கரைந்து நிற்கும். என் இரண்டாவது பீரை ஜனவரியில் செய்தேன். நிலவறையில் குளிர். ஈஸ்ட் விறைத்துப் போய் 1.022-லேயே நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்து, சர்க்கரையும் சேர்த்து, அடைத்து வைத்தேன். மார்ச்சில் குளிர் குறைந்தது. ஈஸ்ட் கண்விழித்து, விட்ட இடத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு நிலவறையில் டமார். மூன்று பாட்டில்கள். ஒரு கண்ணாடித் துண்டு எதிர்ச்சுவரின் அட்டைப்பெட்டிக்குள் செருகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதே இடத்தில் குனிந்து உட்கார்ந்து என் பெண்ணின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் நின்றாள்.

அம்மா பயப்பட வேண்டியது மெத்தனாலுக்கு அல்ல, இதற்கு. அப்போது முதல் ஒரு விதி வைத்திருக்கிறேன். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டும் ஒரே எண், அதுவும் எதிர்பார்த்த எண்ணாக இருந்தால்தான் பாட்டில். இல்லையென்றால் வாளியைச் சூடான இடத்துக்கு நகர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு யாரும் நல்ல பீர் செய்ததில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் கிடைக்காதா? இன்றைக்குக் கிடைக்கும். கிடைப்பதற்குக் காரணமே இந்த வாளிக்காரர்கள்தான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது நீங்கியபோது வீட்டில் வைன் செய்வதை அனுமதித்த அரசு, பீரை விட்டுவிட்டது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் வீட்டு பீர் சட்டப்படி சரியானது. ஒருவருக்கு வருடம் 100 கேலன், இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 200. விற்கக் கூடாது. அப்போது நாடு முழுவதும் நூற்றுக்கும் குறைவான பீர் ஆலைகள், அவற்றில் பெரும்பாலும் ஒரே மாதிரி வெளிறிய லாகர். வீட்டில் செய்யும் உபகரணங்கள் விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், கலிபோர்னியாவின் சிக்கோவில் 1980-இல் சியரா நெவாடாவைத் தொடங்கினார். அவருடைய பேல் ஏலில் கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸின் கிச்சிலித்தோல் வாசனை வரும். இப்படிச் சமையலறையிலிருந்து கிளம்பியவர்கள் பலர். இன்று ஆலைகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல்.

தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க: அங்கே 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், பீரானாலும். இதைப் படித்துவிட்டு வாளி வாங்கப் போகாதீர்கள்.

ஆனால் ரசித்துக் குடிக்க வாளி வேண்டாம். பாட்டிலிலிருந்து அப்படியே குடிக்காமல் கண்ணாடி டம்ளரில் நுரை எழும்ப ஊற்றுங்கள். வாசனை நுரையிலிருந்துதான் வரும். ஐஸ் சில்லிப்பு வேண்டாம். குளிர் நாக்கை மரக்கச் செய்துவிடும், ஏல் வகைக்கு 10 டிகிரி பக்கம் போதும். வெயிலில் வைக்காதீர்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து நாறும். பீர் பாட்டில் பழுப்பாக இருப்பது அதற்காகத்தான்.

இனி அம்மாவின் இரண்டாவது பயம். கையால் செய்தது, இயற்கையானது, ஆகவே உடம்புக்குக் கெடுதலில்லை என்று இங்கே நண்பர்கள் சொல்வதுண்டு. தப்பு. 5 சதவிகிதம் என்றால் 5 சதவிகிதம்தான். அது கிராஃப்ட்டா, கடையில் வாங்கியதா என்று கல்லீரல் கேட்பதில்லை. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஐம்பது பாட்டில் கையெட்டும் தூரத்தில் இருப்பதும் எல்லோருக்கும் நல்லதில்லை. மாமா வீட்டு நிலவறையில் இந்த வாளி இருந்திருந்தால் அவர் இன்னும் சீக்கிரம் போயிருப்பார்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட ஏற்பாடு இது: தனியாகக் குடிப்பதில்லை, ஒரு வாளி தீரும்வரை அடுத்த வாளி போடுவதில்லை, பாதிப் பாட்டில்கள் அக்கம்பக்கத்துக்கு. ஆறு வருடமாகச் சரியாகத்தான் போகிறது. நாளைக்கும் போகும் என்று அம்மாவுக்கு நிரூபித்துக் காட்ட என்னிடம் ஹைட்ரோமீட்டர் இல்லை.

இதையெல்லாம் போனில் முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "பாத்திரமெல்லாம் நீதானே தேய்க்கிறே? அவ தலையில கட்டிடலையே?" என்றாள்.

"நான்தாம்மா."

"சரி. அடுத்த வாரம் போன் பண்றப்ப எத்தனை பாட்டில் மிச்சம் இருக்குன்னு சொல்லு."

ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேன். இன்றைக்கு முப்பத்தெட்டு.