முற்றுகையின் நாளில் ஒரு நிலக்கிரயம்

புத்தாண்டு ஆராதனையில் வழங்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 தவறாமல் இடம்பெறுவதை நாம் அறிவோம். கடவுளின் நோக்கம் தம் மக்களின் கேட்டையன்று, நல்வாழ்வையே நாடுகிறது என்பது அதன் கருத்து. ஆனால் அதற்கு முந்திய வசனம் 70 ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறது. பாபிலோனில் அந்நிருபம் வாசிக்கப்பட்டபோது அதைக் கேட்டிருந்த முதியோர் எவரும் விடுதலையைத் தம் கண்களால் காணப்போவதில்லை என்பதே அதன் பொருள். 10ஆம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை.

எரேமியா அறிவித்த நம்பிக்கை எத்தகையது என்பதை அறிய 32ஆம் அதிகாரமே தக்க இடம். சிதேக்கியாவின் 10ஆம் ஆண்டு, அதாவது கி.மு. 587 அளவில். எருசலேம் கல்தேயரால் முற்றுகையிடப்பட்டிருக்கிறது. நகரம் வீழும் என்று அறிவித்த குற்றத்திற்காகத் தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். இந்நிலையில் அவருடைய பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின்படி வறுமையுற்றவனின் நிலத்தை மீட்பது நெருங்கிய உறவினனின் பொறுப்பு. ஆகவே கோரிக்கை முறையானதே. எனினும் ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஐந்து கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள சிற்றூர்; பகைவரின் படை நிற்கும் நிலப்பரப்பு. அனாமெயேல் பணமுடையால் வந்தானா, கைவிட்டுப்போகும் சொத்தைக் காசாக்க எண்ணினானா என்பதைத் திருமறை கூறவில்லை.

இந்த உறவின் பின்னணியையும் மறத்தலாகாது. தீர்க்கதரிசியின் உயிரை வாங்கத் தேடியவர்கள் இதே ஆனதோத்தின் மனிதர் (11:21). அவருடைய சொந்தக் குடும்பத்தாரே அவருக்குத் துரோகம் செய்தனர் (12:6). மேலும் அவர் மணமுடிக்கலாகாது, பிள்ளைகளைப் பெறலாகாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை (16:2). எனவே இந்நிலத்தைச் சுதந்தரிக்க அவருக்கு மகன் இல்லை. தம் ஊராரால் வெறுக்கப்பட்ட, வாரிசற்ற ஒரு சிறைக்கைதி, எதிரியின் காலடியிலுள்ள வயலுக்கு 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.4 கிராம் என்பர். மொத்தம் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பெருந்தொகையன்று, ஆயினும் அப்பம் அரிதாகிவந்த நகரில் அவ்வெள்ளிக்கு வேறு பயன் இருந்தது.

கடவுளின் வழிநடத்துதலைப் பற்றி இங்கு நாம் கற்பது சிந்தனைக்குரியது. அனாமெயேல் வருவான் என்ற வார்த்தை எரேமியாவுக்கு முன்னமே உண்டாயிற்று. ஆனால் அவன் வந்து நின்ற பின்னரே அது ஆண்டவரின் வார்த்தை என்று அறிந்துகொண்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார் (32:8). நாற்பது ஆண்டுக்காலம் தீர்க்கதரிசனம் உரைத்த ஒருவர் இப்படிக் கூறுகிறார்! தேவசித்தத்தை ஐயமின்றி அறிந்துவிட்டதாக எளிதில் பேசும் நாம் இவ்வசனத்தின் முன் சற்றே தயங்கி நிற்பது நல்லது. உள்ளத்தில் எழுந்த ஒரு குரல், வாசலில் வந்து நின்ற ஓர் உறவினன், பழைய நியாயப்பிரமாணத்தின் ஒரு கடமை ஆகிய மூன்றும் ஒன்றிணைந்தபோதுதான் அவருக்குப் பாதை தெரிந்தது.

கிரயம் முடிக்கப்பட்ட விதம் மிக விரிவாக எழுதப்பட்டுள்ளது. கையொப்பம், முத்திரை, சாட்சிகள், வெள்ளியைத் தராசில் நிறுத்தல் என ஒன்றும் விடுபடவில்லை. பத்திரம் இரு பகுதியானது: ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றொன்று திறந்தது. இத்தகைய இரட்டைப் பத்திர முறை யூதேயாவில் நெடுங்காலம் நீடித்ததை, சாக்கடலருகே ஒரு குகையில் 1961இல் கிடைத்த பாபத்தா என்னும் பெண்ணின் ஆவணங்களும் காட்டுகின்றன. (பாரூக்கினுடையது என 1978இல் வெளியிடப்பட்ட களிமண் முத்திரையைப் பிரசங்கத்தில் எடுத்துக்காட்டுவோர் இன்றும் உண்டு. அது போலி என 2014இல் வெளிவந்த ஆய்வு முடிவுசெய்தது. அதனைத் தவிர்ப்பதே நேர்மை.) பத்திரங்களை மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக் கட்டளை பெறுகிறார். அவை நெடுநாள் இருக்கவேண்டும் என்பதே காரணம். சில நாளில் எல்லாம் சீராகும் என்று எண்ணுபவன் பத்திரத்தைப் பாண்டத்தில் வைத்து மூடமாட்டான்.

அனனியா அவ்வாறு எண்ணியவன். இரண்டே ஆண்டில் நுகம் முறியும் என்றான் (28:3). மக்கள் கேட்க விரும்பியதும் அதுவே. மரணப்படுக்கையின் அருகே நிற்கும் ஆயருக்கு அனனியாவின் சோதனை எப்போதும் உண்டு. குடும்பத்தார் முகத்தைப் பார்க்கிறோம். சுகமாகிவிடுவார் என்று சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அடக்க ஆராதனைக்குப் பின் அவ்வீட்டாரைச் சந்திப்பது எவ்வளவு கடினம் என்பதையும் அறிந்திருக்கிறேன். அவர்கள் என்னைக் குறைகூறவில்லை. ஆனால் அதன்பின் ஜெபத்தைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை.

கிரயத்திற்குப் பின் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. பத்திரத்தைக் கொடுத்து முடித்த பின்னரே எரேமியா ஜெபிக்கிறார் (32:16). அது நன்றியறிதலின் ஜெபமன்று. படைப்பையும் யாத்திராகமத்தையும் நினைவுகூர்ந்தபின், நகரைப் பிடிக்க எழுப்பப்பட்ட கொத்தளங்களைச் சுட்டிக்காட்டி, இவ்வளவிருந்தும் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று திகைக்கிறார். கீழ்ப்படிதல் முதலில், கேள்வி பின்னர். கெத்செமனேயில் ஒப்புக்கொடுத்த நம் ஆண்டவரும் சிலுவையில் ஏன் என்று கேட்டார் என்பதை நினைக்குங்கால், இக்கேள்வியை அவிசுவாசமென்று தள்ள நமக்கு உரிமையில்லை. கடவுளின் மறுமொழியும் துயரத்தை மழுப்பவில்லை. நகரம் எரிக்கப்படும் என்பதை அவர் முதலில் உறுதிப்படுத்துகிறார் (32:28, 29). அதன் பின்னரே, பென்யமீன் நாட்டிலும் யூதாவின் பட்டணங்களிலும் தென்திசையிலும் மீண்டும் நிலங்கள் வாங்கப்படும் என்கிறார். வாக்குறுதியின் உள்ளடக்கம் எத்துணை எளியது! கிரயம், சாட்சி, முத்திரை, அன்றாட வாழ்வு.

இப்பகுதியை இன்னொரு கைதியும் பற்றிக்கொண்டார். ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943 ஜனவரியில் திருமண நிச்சயம் செய்துகொண்டார். ஏப்ரல் 5ஆம் நாள் கைதானார். அவ்வாண்டு ஆகஸ்டில் பெர்லின் தேகல் சிறையிலிருந்து தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மரியாவுக்கு எழுதிய கடிதத்தில் எரேமியாவின் நிலத்தை நினைவுகூர்ந்தார். குண்டுவீச்சில் சிதையும் நாட்டில் திருமணத்தை எதிர்நோக்குவது, கடவுளின் இப்பூமிக்கு ஆம் என்று சொல்வது என்பது அவர் கருத்து. 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃபிளாசன்பர்க்கில் தூக்கிலிடப்பட்டார். திருமணம் நிகழவில்லை.

எரேமியாவும் அந்நிலத்தில் உழுது விதைத்ததாகச் செய்தி இல்லை. அவர் வலுக்கட்டாயமாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். தக்பானேஸிலிருந்து திரும்பியதாகத் திருமறை கூறவில்லை. ஆனால் சிறையிருப்பிலிருந்து மீண்டவர்களின் அட்டவணை ஒன்று எஸ்றாவின் புத்தகத்தில் உள்ளது. நாம் பெரும்பாலும் வாசிக்காமல் தாண்டிச்செல்லும் பெயர்ப்பட்டியல் அது. அதன் 2ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று எழுதப்பட்டிருக்கிறது.