வீட்டுச் சலவையும் தென்பெண்ணை நுரையும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் புறநகர்களின் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. அடுத்து வருவது ஓசூர் கெலவரப்பள்ளி அணை. 44.28 அடி வரை நீர் தேக்கும் இந்த அணையை நம்பிச் சுமார் 8,000 ஏக்கர் பாசன நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் தண்ணீரோடு வெள்ளை வெள்ளையாக நுரையும் பொங்குகிறது. காற்றடிக்கும் நாளில் அது கரையேறி வயலில் விழுகிறது. நாற்றம் ஊருக்குள் வருகிறது. செய்திகளில் இதற்கு ‘ரசாயன நுரை’ என்று பெயர். பெயரைக் கேட்டதும் ஆலைக் கழிவுதான் நினைவுக்கு வரும். ஆலைகளுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நுரையை உண்டாக்கும் பொருளில் பெரும்பகுதி துவைக்கும் கல், வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றிலிருந்து கிளம்பி வருவது.

வீட்டளவில் சுற்றுச்சூழலைக் காப்பது என்றால் துணிப்பை, மாடித் தோட்டம், எல்.இ.டி. விளக்கு என்று பேச்சு போகும். எல்லாம் நல்லவைதான். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து வீடுகளைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலில் முதலில் நிற்க வேண்டியது சோப்புத் தூள்.

சோப்புத் தூளில் அழுக்கை எடுக்கும் வேலையைச் செய்வது சர்ஃபாக்டன்ட் எனப்படும் பொருள். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்துகொண்டு அதைத் துணியிலிருந்து பிரித்து நீருக்குள் இழுத்து வருவது இந்த இரட்டைக் குணத்தால்தான். இதே மூலக்கூறுகள் தண்ணீரின் மேற்பரப்பில் வரிசை கட்டி நிற்கும்போது பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். அந்த நிலையில் நீருக்குள் காற்று புகுந்தால் குமிழி உடையாமல் தங்கும். நுரை என்பது இப்படி உபரியாக வருவது. அழுக்கை எடுப்பதில் அதற்கு வேலை இல்லை. நுரை மிகுந்தால் துணிக்கும் துணிக்கும் நடுவே அது நின்றுகொண்டு உராய்வைத் தடுத்துச் சலவையைக் கெடுக்கவும் செய்யும். ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கு நுரை குறைந்த தூளைப் போடச் சொல்வது அதனால்தான்.

இந்திய வீடுகளில் சோப்புத் தூள் பரவி அதிக காலம் ஆகவில்லை. சர்ஃப் 1959இல் வந்தது. நிர்மா 1969இல் ஆமதாபாத்தில் தொடங்கி, அடுத்த பத்தாண்டுகளில் மலிவு விலையால் சிற்றூர்கள் வரை போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நுரை ஆறுகளைப் பார்த்து முடித்திருந்தன. அங்கே 1950களில் பயன்பட்ட சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் கிளை கிளையாகப் பிரிந்தவை. நுண்ணுயிரிகளால் அவற்றை எளிதில் சிதைக்க முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றி, 1964 முதல் குறைந்தது 80 விழுக்காடு சிதையும் பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றது. 1965 வாக்கில் அமெரிக்க நிறுவனங்களும் கிளையில்லாத நேர்ச்சங்கிலி வகைக்கு மாறின. அதுதான் இன்று உலகெங்கும் உள்ள எல்.ஏ.எஸ். அதற்கான மூலப்பொருளை மண்ணெண்ணெயிலிருந்தும் பென்சீனிலிருந்தும் தயாரிக்கும் ஆலை ஒன்று சென்னை மணலியிலும் உண்டு.

எல்.ஏ.எஸ். சிதையும், ஆனால் காற்று இருந்தால்தான் சிதையும். ஆக்சிஜன் உள்ள நீரில் பாக்டீரியாக்கள் சில நாட்களில் அதைத் தின்று தீர்த்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்து கறுத்துப் போன சாக்கடையிலும் ஏரிச் சேற்றிலும் அது கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் நடந்தது இதுதான். சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியின் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில்தான் சேர்கிறது. பெல்லந்தூரில் 2015இல் நுரை தீப்பற்றியது. 2017 பிப்ரவரியில் மறுபடியும் ஏரி எரிந்து நாடு முழுக்கச் செய்தியானது. அந்த நுரையை ஆராய்ந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர், சிதையாத சர்ஃபாக்டன்ட் ஏரியின் அடிச்சேற்றில் படிந்து சேருகிறது என்றும், பெருமழை வந்து சேற்றைக் கலக்கும்போது அது மொத்தமாக நீருக்குள் வருகிறது என்றும் காட்டினார்கள். மழைநீரோடு வரும் நுண்ணிய மண் துகள்கள் குமிழிகளின் சுவரில் ஒட்டி, அவை உடையாமல் காக்கின்றன. கெலவரப்பள்ளியில் கோடையைவிட மழைக்காலத்தில் நுரை அதிகம் பொங்குவதற்கும் இது பொருந்தும். மழை பெய்தால் ஆறு சுத்தமாகும் என்ற வழக்கமான எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிறது.

தூளில் இருக்கக்கூடிய பாஸ்பேட்டின் பாதை வேறு. நுரைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. நீரில் ஆகாயத்தாமரையும் பாசியும் கொழிக்க அது உரமாகும். அவை அழுகும்போது ஆக்சிஜன் தீரும். ஆக்சிஜன் தீர்ந்தால் எல்.ஏ.எஸ். சிதையாது. இப்படி இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. சில நிறுவனங்கள் பாஸ்பேட்டைக் கைவிட்டுச் சியோலைட்டுக்கும் சோடாவுக்கும் மாறிவிட்டன. உறையில் ‘பாஸ்பேட் இல்லாதது’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது சுலபமான முதல் படி.

மேலே பெங்களூர் இருப்பதால் ஓசூருக்குப் பொறுப்பு குறைந்துவிடாது. கெலவரப்பள்ளிக்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, அதற்குக் கீழே சாத்தனூர் அணை, பிறகு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் வயல்கள். அங்குள்ளவர்கள் எல்லோருக்கும் ஓசூர்தான் ஆற்றின் மேல்பக்கத்து ஊர். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் வளர்ந்து, 2019இல் மாநகராட்சியான இந்த நகரில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர் வழங்கலின் திட்ட அளவு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டிலிருந்து அப்படியானால் தினமும் 430 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது.

ஒரு வாளித் துணிக்கு எவ்வளவு தூள் தேவை என்பதைத் தீர்மானிப்பது அழுக்கு மட்டும் அல்ல, தண்ணீரும்தான். இந்த வட்டாரத்தின் அடியில் இருப்பது கருங்கல் பாறை. ஆயிரம் அடி வரை போகும் ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். ஊரில் ‘உப்புத் தண்ணி’ என்பார்கள். பாடப்புத்தகத்தில் கடின நீர். புளோரைடு சிக்கலுக்காக 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீரில் பொதுவாக இந்தக் கடினத்தன்மை குறைவு. ஆனால் அதைப் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, துவைக்கப் போர்வெல் நீரை எடுப்பதே பல வீடுகளில் வழக்கம்.

கடின நீரில் சாதாரண சோப்பைக் கரைத்தால் முதலில் நுரை வராது. வெள்ளையாகத் திரிந்த பிசுக்கு மிதக்கும். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாப் பொருளாகிவிடுவதே காரணம். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி போர்வெல் நீரும், இன்னொன்றில் பாதி மழைநீரும் எடுத்து, குளியல் சோப்பைக் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். மழைநீரில் சில சொட்டுகளிலேயே நுரை நிற்கும். போர்வெல் நீர் திரிந்து கலங்கி, மேலும் மேலும் சோப்பு கேட்கும்.

அந்த இழப்பைக் கணக்கிட முடியும். கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 200, வேறு வழி இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 600. 15 லிட்டர் வாளியில் 6 கிராம் கடினப் பொருள் இருக்கும். அதை முடித்துவைக்கவே 36 கிராம் சோப்பு செலவாகும். அதற்குப் பிறகுதான் அடுத்துப் போடும் சோப்பு துணிக்கு வேலை செய்யும். சோப்புத் தூள் கடின நீரிலும் இவ்வளவு திரிவதில்லை. சோப்பை அது வீட்டை விட்டு விரட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் அதுவும் வலுவிழக்கும். நுரை போதவில்லை என்று கை இன்னொரு பிடி அள்ளிப் போட்டுவிடும்.

அதே 6 கிராமை வீழ்படிவாக்க, நீரற்ற சலவைச் சோடா ஆறரை கிராம் போதும். கண்ணாடிபோல் படிகமாக விற்கும் சோடா என்றால் 17 கிராம். துணி ஊறப் போடும் முன்பே சோடாவைக் கரைத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டால், தூளின் அளவைத் தயங்காமல் குறைக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது, கையையும் அரிக்கும்.

இதைவிட மேலான வழி வானத்திலிருந்து வருகிறது. மழைநீரில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் ஏற்கெனவே மாடியிலிருந்து இறங்குகிறது. முழு நீரும் நிலத்துக்குள் போவதற்கு முன் ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்துச் சலவைக்கு வைத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் சில நிமிட நீரைத் தூசியோடு வெளியே விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரில் துணி துவையுங்கள் என்று ஓர் அறிவுரை பரவலாக இருக்கிறது. கடின நீர் ஊரில் இது பொருந்தாது. ஒரு பங்கு நல்ல நீருக்கு மூன்று பங்கு கழிவு என்றால், அந்தக் கழிவில் உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். தூளும் அதற்கேற்பக் கூடும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் அதை ஒதுக்குவதே சரி.

பூந்திக்கொட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூர்த் தெலுங்கு வீடுகளில் குங்குடுகாய் எனப்படும் இது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் இதன் நீர் இன்றும் பயன்படுகிறது. அதிலுள்ள சபோனின் இயற்கையான சர்ஃபாக்டன்ட். மெல்லிய துணிக்கு அருமையானது. ஆலைச் சீருடையில் ஏறிய கிரீஸுக்கு ஈடுகொடுக்காது. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்றும் ஆகிவிடாது. சபோனின் மீன்களின் செவுளைத் தாக்கும். குட்டையில் மீனை மயக்கிப் பிடிக்க இதைப் பயன்படுத்திய மக்களும் உண்டு. விரைவில் சிதைந்துவிடுவதே அதன் நற்குணம். எனவே இந்தக் கொட்டையின் நீரையும் நேரே ஏரிக்கு விடாமல் மண்ணில் விடுவதே நல்லது.

மண்தான் கடைசி வடிகட்டி. வேர் மண்டலத்தில் காற்றும் பாக்டீரியாவும் இருப்பதால், ஏரிச் சேற்றில் சிதையாத எல்.ஏ.எஸ். அங்கே சிதைகிறது. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் கொல்லையில் வாழைக்கும் கல்வாழைக்கும் போவது பழைய ஏற்பாடு. அதற்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. சட்டியின் எண்ணெயை முதலில் துடைத்து எடுத்துவிட்டால் மண் அடைக்காது. துணி துவைத்த நீரில் கவனம் தேவை: தூளின் பெரும்பங்கு சோடியம் உப்புகள். களிமண் கலந்த நிலத்தில் சோடியம் ஏறினால் மண் இறுகித் தண்ணீர் இறங்காமல் போகும். முதல் அலசு நீரை விட்டுவிட்டு, பின் அலசு நீரை மட்டும் செடிக்கு விடலாம். இடம் மாற்றி மாற்றி விட்டால் மழை மீதியைக் கழுவிக்கொள்ளும். பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு மேல் தேக்கினால் நாறும்.

கொல்லை இல்லாத அடுக்குமாடிகளில் வேலை எஸ்.டி.பி. எனப்படும் சுத்திகரிப்பு நிலையத்துடையது. அங்கே காற்றூட்டும் தொட்டியில் எல்.ஏ.எஸ். சிதைவதற்குத் தேவையான ஆக்சிஜன் குழாய் மூலம் செலுத்தப்படுகிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் காற்றூதியை அணைத்துவைத்தால், வீட்டுக்காரர்கள் என்ன தூள் வாங்கினாலும் சர்ஃபாக்டன்ட் சிதையாமல் சாக்கடைக்குப் போய்விடும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மாதாந்திர மின் கணக்கோடு, காற்றூதி ஓடிய நேரத்தின் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கலாம், அது எஸ்.டி.பி. அறையிலேயே இருக்க வேண்டியது.