மரை கழன்ற மடக்குக் கத்தி

'மரை கழண்ட கேஸ்' என்று நமக்குள் கிண்டலடிப்போம். ராஜபாளையத்தில் எங்கள் மாந்தோப்பில் ஒட்டுக் கட்டும் மடக்குக் கத்திக்கு நிஜமாகவே மரை கழண்டது. கழட்டியவன் நான்தான்!

மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கத்தி அது. அலகு சுழலும் அச்சு ஸ்க்ரூ துருப்பிடிக்கவே, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் எம்3 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்கி வந்தேன். ஒரு சுற்று ஏறியது, அப்புறம் டைட். விடுவேனா? முக்கித் திருகினேன். மரை போயே போச்சு! பழையது 4-40 அங்குல மரை: விட்டம் 2.84 மி.மீ., பிட்ச் 0.635 மி.மீ. எம்3-க்கோ பிட்ச் 0.5 மி.மீ.தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆடிய அலகு அப்பா விரலில் பட்டு மூன்று தையல்.

அதன்பிறகு கற்றவை:

1. வாங்குமுன் வெர்னியரால் விட்டத்தையும், பிட்ச் கேஜால் மரையையும் அளக்கவும்.

2. ஈரத்தில் புழங்கும் கத்திக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ நல்லது. அலகின் இருபுறமும் பாஸ்பர் வெண்கல வாஷர் போட்டால் வழுவழுவென்று மடங்கும்.

3. ஸ்க்ரூ தானாகத் தளர்ந்தால் மேலும் மேலும் இறுக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மரையில் மட்டும் துளி ஊதா நிற லாக்டைட் 222 வையுங்கள். வாஷரில் வழிந்தால் கத்தி மடங்காது.

ஸ்க்ரூ சிறுசுதான், விரல் நம்முடையதாச்சே!