சங்க விதிகளைத் திருத்தியது யார்?

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களில் பட்டிமன்றத்தைவிடச் சூடான விவாதம் எப்போது நடக்கும் தெரியுமா? விதிமுறைகளைத் திருத்தும்போதுதான்.

செயலாளர் ஒரு வேர்டு கோப்பை மூன்று பேருக்கு மெயில் பண்ணுவார். ஒருவர் சந்தா தொகையில் கை வைப்பார். இன்னொருவர் தலைவரின் பதவிக்காலத்தை மாற்றுவார். மூன்றாமவர் சந்திப்பிழை பார்ப்பார். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ரியல் ஃபைனல்' என்று மூன்று கோப்புகள் திரும்பி வரும். யாராவது ஒருவர் ராத்திரி உட்கார்ந்து காப்பி, பேஸ்ட் செய்து ஒன்றாக்குவார்.

வினையே அங்கேதான். டிராக் சேஞ்சஸ் ஓடும்போது அப்படி ஒட்டினால், ஒட்டியது மொத்தமும் ஒட்டியவர் பெயரில் புதிய வரிகளாகப் பதிவாகிவிடும். பதவிக்காலத்தை மாற்றியது யார் என்று பொதுக்குழுவில் கேட்டால் பதில் இருக்காது. சந்தேகம் மட்டும் மிஞ்சும். நான் வேலை செய்யும் மென்பொருள் துறையில், யார் மாற்றியது என்ற பதிவு இல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. நூறு குடும்பங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கும் அந்த மரியாதை வேண்டாமா?

இதற்கான வழி வேர்டிலேயே இருக்கிறது. ரிவ்யூ பகுதியில் கம்பேர் பொத்தானை அழுத்தினால் கம்பேர், கம்பைன் என இரண்டு வரும். நமக்குத் தேவை கம்பைன். கம்பேர், கோப்புகளில் ஏற்கெனவே பதிவான திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டுதான் ஒப்பிடும். கம்பைன், அவரவர் திருத்தத்தை அவரவர் பெயரிலேயே வைத்திருக்கும்.

ஒரு தடவைக்கு இரண்டு கோப்புதான். மூலக்கோப்போடு முதல் ஆளுடையதைச் சேருங்கள். வந்த கோப்போடு அடுத்தவருடையதைச் சேருங்கள். யாராவது டிராக் சேஞ்சஸ் போடாமலே திருத்தியிருந்தாலும் பரவாயில்லை. அந்த வித்தியாசங்களை யார் பெயரில் காட்டுவது என்று குறிப்பிட அதே பெட்டியில் இடம் உண்டு. எழுத்துரு, தடிமன் போன்ற வடிவ மாற்றங்களை மட்டும் ஏதாவது ஒரு கோப்பிலிருந்துதான் எடுக்கும். எதிலிருந்து என்று கேட்டால் மூலக்கோப்பைக் காட்டிவிடலாம்.

சேர்த்த பிறகு 'அக்செப்ட் ஆல்' அழுத்தும் அவசரம் வேண்டாம். அழுத்தினால் பெயர்களும் போய்விடும். கூட்டத்தில் திரையில் போட்டு, ஒவ்வொன்றாகப் படித்து, ஏற்கவோ தள்ளவோ செய்யுங்கள்.

'நோ மார்க்கப்' என்று வைத்தால் திருத்தங்கள் மறையும், அழியாது. 2005 அக்டோபரில் லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபிக் ஹரிரி கொலை பற்றிய ஐ.நா. விசாரணை அறிக்கை வேர்டு கோப்பாகவே வெளியே போனது. அப்போதைய சிரிய அதிபரின் தம்பி, சகோதரியின் கணவர் உள்ளிட்டோரின் நீக்கப்பட்ட பெயர்கள் அதில் அப்படியே தெரிந்தன. உலகமே படித்தது. ஐ.நா.வுக்கே அந்தக் கதி என்றால் நம் சங்கம் எம்மாத்திரம்?

அதனால் இரண்டு பிரதி வையுங்கள். திருத்தங்கள் தெரியும் கோப்பு செயலாளரின் ஆவணத்தில் இருக்கட்டும். எல்லாத் திருத்தங்களையும் முடிவு செய்து, 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' மூலம் ஒருமுறை சோதித்த சுத்தமான பிரதி உறுப்பினர்களுக்குப் போகட்டும். பத்து வருஷம் கழித்து நம் பிள்ளைகள் நிர்வாகத்துக்கு வந்து, "இந்த விதியை ஏன், யார் மாற்றினாங்க?" என்று கேட்டால், முதல் கோப்பைத் திறந்து காட்டலாம்.