ஃபிளின்ட்: யார் பணம், யார் முடிவு?

"பணக்காரங்க அறக்கட்டளை நடத்துறதெல்லாம் வரியை மிச்சம் பிடிக்கத்தானே?" இந்தக் கேள்வி நமக்கு அடிக்கடி வருது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அதைவிட, ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே அறக்கட்டளைப் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது, எது சரியானது, எது சரியாகவில்லை என்று பார்க்கலாம். அந்த ஊர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிற ஃபிளின்ட்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1908-ல் பிறந்த ஊர் அது. வண்டிச் சக்கரமும் அச்சும் செய்துகொண்டிருந்த சார்லஸ் ஸ்டூவர்ட் மாட் என்பவர் தன் கம்பெனியை அங்கே கொண்டுவந்தார். பிறகு அதை ஜி.எம்.-க்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பங்குகள் வாங்கிக்கொண்டார். பங்கு ஏறியது, அவரும் ஏறினார். ஊருக்கு மேயராகவும் இருந்தார். 1926-ல் மாட் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

முதல்ல இந்த மாதிரி அறக்கட்டளை எப்படி ஓடுதுன்னு பார்த்துடுவோம். நன்கொடையாக வந்த மொத்தப் பணத்தையும் யாரும் செலவு செய்வதில்லை. அது முதலீட்டில் இருக்கும். அதிலிருந்து வருகிற வருமானத்தில்தான் மானியங்கள். 1969-ல் அமெரிக்க நாடாளுமன்றம், தனியார் அறக்கட்டளைகள் ஒவ்வொரு வருஷமும் குறைந்தபட்சத் தொகை ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. இன்றைக்கு அது சொத்து மதிப்பில் சுமார் 5 சதவீதம். நிர்வாகச் செலவில் ஒரு பகுதியும் அந்த 5-க்குள்ளேயே வந்துவிடும். அதாவது 100 ரூபாய் வைத்திருந்தால் வருஷத்துக்கு 5 ரூபாய் வெளியே போகும், 95 ரூபாய் சந்தையில் வளர்ந்துகொண்டிருக்கும். வரிச்சலுகை மட்டும் போட்ட மொத்தப் பணத்துக்கும் உண்டு. யாருக்கு, எதுக்குக் கொடுக்கணும்? அதை ஒரு சின்ன வாரியம் முடிவு பண்ணும். அந்த வாரியத்துக்கு ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடுவதில்லை.

நல்லதும் கோடும்

1935 முதல் மாட் அறக்கட்டளை ஃபிளின்ட் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது. சாயங்காலமும் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். விளையாட்டு, மருத்துவப் பரிசோதனை, பெரியவர்களுக்கு வகுப்பு எல்லாம் அங்கேயே. நாடு முழுக்க இதை வந்து பார்த்துவிட்டுக் காப்பி அடித்தார்கள். குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் நிஜமாகவே பயன்பட்ட வேலை அது.

ஆனால் அந்தக் காலத்தில் கறுப்பின மக்கள் ஃபிளின்ட்டில் இரண்டே பகுதிகளில்தான் பெரும்பாலும் வீடு வாங்க முடியும்: ஃப்ளோரல் பார்க், செயின்ட் ஜான். வங்கிக் கடனும் வீட்டுப் பத்திரங்களில் எழுதிய நிபந்தனைகளும் மற்ற தெருக்களின் கதவை அடைத்துவைத்திருந்தன. வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ ஹைஸ்மித் 2015-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சங்கடமான விஷயத்தைக் காட்டுகிறார். அக்கம்பக்கத்தை மையமாக வைத்துக் கட்டிய இந்தப் பள்ளித் திட்டம், ஏற்கெனவே பிரிந்து கிடந்த தெருக்களை இன்னும் இறுக்கமாகப் பிரித்தது என்கிறார். தெருவே நிறத்தால் பிரிந்திருக்கும்போது, "உன் தெருப் பள்ளி உனக்கு" என்று சொன்னால் வகுப்பறையும் அப்படித்தானே பிரியும்? இனத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாத விதி, இன வேறுபாட்டை அப்படியே பத்திரமாக வைத்திருக்க முடியும். புரோகிராம் எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும். உள்ளே போகிற தரவு கோணலாக இருந்தால், கோட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடை கோணல்தான்.

1968-ல், வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை ஃபிளின்ட் மக்கள் பொது வாக்கெடுப்பில், மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில், ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 1970-களின் கடைசியில் சுமார் 80,000 பேருக்கு அங்கே ஜி.எம். வேலை இருந்தது. பின்னாளில் அது 10,000-க்கும் கீழே போனது. 1960-ல் கிட்டத்தட்ட 2 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020-ல் சுமார் 81,000. மிச்சம் இருந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள்.

குழாய்க்குள் நடந்தது

ஊருக்கு வரி வருமானம் இல்லை. மாநில ஆளுநர் நியமித்த அவசர நிர்வாகி ஒருவர், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மேலே உட்கார்ந்து முடிவெடுத்தார். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வந்த தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். பழைய ஈயக் குழாய்க்குள் பாஸ்பேட் சேர்த்த தண்ணீர் ஓடினால், உள்சுவரில் ஒரு மெல்லிய படலம் படியும். அதுதான் ஈயம் தண்ணீரில் கலக்காமல் தடுக்கும். இந்த ஆற்றுத் தண்ணீர் உலோகத்தை அதிகம் அரிக்கக்கூடியது, ஆனாலும் பாஸ்பேட் சேர்க்கவில்லை. படலம் போனது, ஈயம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஜி.எம். தன் இன்ஜின் தொழிற்சாலைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று. வீடுகளில் அதே தண்ணீரில்தான் குழந்தைகளுக்குப் பால் கலந்தார்கள்.

2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டீஷா என்கிற குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனைக் கணக்குகளை வெளியே வைத்தார். ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள சின்னக் குழந்தைகளின் விகிதம் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது. அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது. அதற்கான 1.2 கோடி டாலரில் 40 லட்சம் மாட் அறக்கட்டளை கொடுத்தது. 2016 மே மாதம் பத்து அறக்கட்டளைகள் சேர்ந்து 12.5 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தன. அதில் 10 கோடி வரை மாட்டுடையது. 2017-ல் மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம், இந்தப் பேரிடருக்கு அடியில் இருந்தது பல தலைமுறை அமைப்புசார் இனவெறி என்று அறிக்கையில் எழுதியது.

இங்க கொஞ்சம் நிக்கணும். தண்ணீரைக் கெடுத்தது அரசின் முடிவு. சரிசெய்ய உதவியது தனியார் பணம். அந்தப் பணமோ, ஊரை வளர்த்துவிட்டு வெளியேறிய அதே கார் தொழிலில் விளைந்தது. உதவி உண்மை, அவசரத்துக்கு வந்ததும் உண்மை. ஆனால் நாளைக்கு வாரியம் மனசு மாறினால், அந்தத் தாய்மார்கள் யாரிடம் போய்க் கேட்பது?

மருந்துச் சீட்டில் பணம்

அதே மோனா டாக்டர் 2024 ஜனவரியில் ஒரு திட்டம் தொடங்கினார். பெயர் ஆர்எக்ஸ் கிட்ஸ். ஆர்எக்ஸ் என்பது மருந்துச் சீட்டில் டாக்டர்கள் போடுகிற குறி. ஃபிளின்ட்டில் வசிக்கிற கர்ப்பிணிக்கு ஒருமுறை 1,500 டாலர், குழந்தை பிறந்த பிறகு 12 மாதங்களுக்கு மாதம் 500 டாலர். மொத்தம் 7,500. வருமானச் சான்றிதழ் வேண்டாம், எதற்குச் செலவு செய்தாய் என்ற கேள்வியும் கிடையாது. ஊரில் வருஷத்துக்குச் சுமார் 1,200 குழந்தைகள் பிறக்கின்றன என்றால், கணக்குப் போட்டுப் பாருங்க, 90 லட்சம் டாலர். தொடக்கத்தில் மாட் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் தருவதாக முன்வந்தது. கூடவே, ஏழைக் குடும்பங்களுக்காக மாநிலத்துக்கு வரும் மத்திய நலநிதியும் சேர்ந்தது.

ஏன் பிறந்த முதல் வருஷம்? வருமானம் குறைகிற, செலவு ஏறுகிற நேரம் அது. மூளை வேகமாக வளர்கிற நேரமும் அதுதான். அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்குள் இறக்கும் விகிதம் வெள்ளையினக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஏன் எல்லோருக்கும்? தகுதி பார்க்கிற ஒவ்வொரு படிவத்திலும், ரொம்பத் தேவைப்படுகிற யாரோ ஒருவர் விடுபட்டுப் போவார். ஊருக்கே கொடுத்தால் வடிகட்டி இல்லை, வெட்கமும் இல்லை. முன்பு தெருவைப் பிரித்துவைத்த விதியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க.

ஊர் அளவில் நடந்தது நாட்டு அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. 2021-ல் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தி, பாதி வருஷத்துக்கு மாதாமாதம் கையில் கொடுத்தது. அரசு உதவியையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலில் குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டத்தை நீட்டிக்கவில்லை. அடுத்த வருஷமே 12.4.

என் பார்வையில் அறக்கட்டளைக்குச் சரியான இடம் இங்கேதான். அரசு தயங்குகிறதை முதலில் செய்து காட்டலாம். படிவங்களும் விதிகளும் எட்டாத ஓட்டையை அடைக்கலாம். அப்புறம் அந்த வேலையை, ஓட்டுப் போட்டுக் கேள்வி கேட்க முடிகிற இடத்தில் ஒப்படைக்கணும். ஆர்எக்ஸ் கிட்ஸ் இப்போது கலமசூ உட்பட மிச்சிகனின் வேறு இடங்களுக்கும் போயிருக்கிறது, மாநிலப் பணத்தோடு.

அடுத்த முறை ஏதாவது ஒரு அறக்கட்டளையின் பேனரைப் பார்த்தால் மூணு கேள்வி கேளுங்க. இந்தப் பணம் எங்கே விளைந்தது? யாருக்குப் போகணும்னு யார் முடிவு பண்றாங்க? மானியம் முடிந்த மறுநாள் இதை யார் நடத்துவாங்க? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தது கொஞ்ச கால அவகாசம் மட்டும்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.