மழை பெய்தால் யார் தலையில் விடிகிறது?
காப்பிக் காட்டிலிருந்து கடற்கரை வரை ஒரு குடும்பப் பயணம்

தோட்டத்தில் பிறந்தவனுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தகரக் கூரையில் சடசடவென்று விழும் சத்தத்தைக் கேட்டதுமே, அன்றைக்குப் பேர் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவான். பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. மீறி வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து, மங்குக்கு வராமல் மண்ணுக்குப் போகும். மழை மரத்துக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது என்று பாடப் புத்தகம் சொல்லும். நம் வீட்டு உலைக்கு நல்லதா என்று அது சொல்வதில்லை.

வேறு நாட்டுப் பாட்டாளிகள் மழையை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அதைப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டு நான் பயணம் போகவில்லை. என் தாயாருக்குக் காவிரி பிறக்கும் இடத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று ஆசை. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவருடைய அப்பா முசிறிப் பக்கத்துக்காரர். காவிரியின் பெயரைச் சொல்லியே லயத்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்தவர். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில், ஜூன் மாதத் தொடக்கத்தில், தாயார், மனைவி, பிள்ளைகள் இருவர், நான் என்று ஐந்து பேர் பெங்களூரில் இறங்கி, வாடகைக் காடி பிடித்தோம். மைசூர், குடகு, அங்கிருந்து மலை இறங்கி மங்களூர்க் கடற்கரை. இதுதான் வழி. தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் பிடித்திருந்தது. "இந்த மழையில யாராச்சும் குடகுக்குப் போவாங்களா, சார்?" என்று காடி ஓட்டிய தம்பி கேட்டார். "மழைக்குப் பயந்தா நாங்க மலாயாவில பொழைச்சிருக்க முடியுமா, தம்பி?" என்றார் என் தாயார்.

காப்பிக் காட்டுக்குள்ளே

மைசூரை விட்டு மேற்கே போனால் உன்சூர், பெரியபட்டணா என்று புகையிலை விளையும் ஊர்கள். அடுத்து பைலகுப்பே. 1961-இல் திபெத்திய அகதிகளுக்கு இந்திய அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றிய இடம். அதைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறினால் குடகு மாவட்டம். குசால்நகரில் பசியாறினோம். அங்கே நூல்புட்டு என்று கொண்டு வந்து வைத்தார்கள். பார்த்தால் நம்மூர் புட்டு மாயம்! என் சின்ன மகன் சீனியும் தேங்காய்ப்பூவும் கேட்டான். கடைக்காரர் குழம்பை ஊற்றிவிட்டுச் சிரித்தார்.

அதன்பின் சடக்கின் இரு பக்கமும் காப்பிதான். நம் ஊர்ச் செம்பனைபோல வரிசை பிடித்து மொட்டையாக நிற்பதில்லை. மேலே பலா, அத்தி, சில்வர் ஓக் என்று நிழல் மரங்கள்; அவற்றின்மேல் ஏறிய மிளகுக்கொடி; அடியில் ஆள் உயரத்தில் காப்பிச் செடி. தாழ்ந்த பகுதியில் ரொபஸ்டா, உயர்ந்த பகுதியில் அராபிக்கா. மார்ச், ஏப்ரலில் விழும் கோடை மழைக்குச் செடி மல்லிகைபோல வெள்ளையாகப் பூக்கும். நாங்கள் போன நேரத்தில் பச்சைக் காய் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பழம் பறிப்பது வருடக் கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். இந்திய நாட்டுக் காப்பியில் சுமார் 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது. அதில் பெரும்பங்கு குடகுடையது.

காப்பி அந்த மண்ணுக்கு வந்த கதையைத் தம்பி சொன்னார். 17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் மக்கா போய்த் திரும்பும்போது, ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பிக்கொட்டைகளை மறைத்துக் கொண்டு வந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த மலைக்கே அவர் பெயர்தான். குடகில் வெள்ளைக்காரத் துரைமார் பெரிய அளவில் காடழித்துக் காப்பி போட்டது 1850-களில். வேலைக்கு ஆள் மைசூர்ச் சீமையிலிருந்தும் தமிழ்ச் சீமையிலிருந்தும் மேஸ்திரிகள் வழியாக வந்தது. நம் ஊரில் கங்காணி. அங்கே மேஸ்திரி. பெயர் வேறு, முன்பணமும் கடனும் ஒன்று.

வாசகர்களில் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலாயாவில் நம்மவர்கள் முதலில் வெட்டியது பால்மரம் அல்ல. பினாங்குக்கு எதிர்க்கரையில் கரும்பு. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் காப்பி. 1869-இல் இலங்கையில் இலைத்துரு நோய் காப்பியைத் தாக்கியபின் துரைமார் சிலர் இங்கே இடம் தேடினார்கள். 1890-களின் கடைசியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. அதன் பிறகுதான் காப்பி நிரைகளுக்கு நடுவே ரப்பர் கன்று ஏறியது. ஆக, என் தாயார் குடகுச் செடியைத் தொட்டுப் பார்த்தபோது, நம் தோட்ட வரலாற்றின் முதல் பக்கத்தைத்தான் தொட்டார்.

சுண்டிக்கொப்பாவைத் தாண்டி ஓரிடத்தில் காடியை நிறுத்தினோம். பத்துப் பதினைந்து பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையிலிருந்து முழங்கால்வரை கவிழ்த்துக்கொண்டு, காப்பிச் செடியில் வேண்டாத துளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். காலில் அட்டை ஏறாமல் இருக்கப் பழந்துணி சுற்றியிருந்தார்கள். தமிழில் பேசிப் பார்த்தேன், விளங்கவில்லை. "இவங்க அசாமிலேருந்து வந்தவங்க, சார். இப்ப உள்ளூர் ஆள் கிடைக்கறதில்ல" என்றார் தம்பி. நம் தோட்டங்களில் நம் பிள்ளைகள் இறங்கிய நிரையில் இன்றைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்பதை நினைத்துக்கொண்டேன்.

இந்தியாவில் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. வீடு, மருத்துவம், பிள்ளை மடுவம், பள்ளி எல்லாவற்றுக்கும் அதில் பிரிவு உண்டு. அவற்றோடு குடைக்கும் ஒரு பிரிவு உண்டு! தொழிலாளியை மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க முதலாளி குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்பது அந்தப் பிரிவு. 2020-இல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தப் பழைய சட்டம் அடக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் குடை ஏறியதென்றால், மழை தொழிலாளியின் சொந்த விவகாரம் அல்ல என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டது என்று பொருள். நான் பார்த்த பெண்கள் தலையில் இருந்தது உரப்பைத் தாள். சட்டத்துக்கும் நிரைக்கும் நடுவே உள்ள தூரத்தை நடந்து கடப்பதற்குத்தான் சங்கம் என்று ஒன்று இருக்கிறது.

காவிரித் தாயும் சரிந்த மலையும்

மடிக்கேரி சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து பாகமண்டலா போய், மேலே எட்டுக் கிலோமீட்டர் ஏறினால் தலைக்காவேரி. ஒரு சின்னத் தொட்டி, பக்கத்தில் குளம். சுற்றிலும் பனிமூட்டம். இதிலிருந்தா சுமார் 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் கடல் சேரும் ஆறு! என் தாயார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீரா, கண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

அந்த மலை சாதுவானதல்ல. 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் ஏற்பட்டு வீடுகளும் காப்பித் தோட்டங்களும் மண்ணில் புதைந்தன. மடிக்கேரியிலிருந்து மங்களூர் போகும் சடக்கு ஜோடுபாலா பக்கத்தில் துண்டானது. 2020 ஆகஸ்டில் தலைக்காவேரிக்கு மேலே பிரம்மகிரி சரிந்து கோயில் அர்ச்சகரும் அவர் குடும்பத்தாரும் மாண்டார்கள். செங்குத்தான சரிவில் காட்டை வெட்டிச் சடக்கும் விடுதியும் போட்டால், மண்ணைப் பிடித்து வைக்க வேர் இருக்காது. கேமரன் மலையில் நாம் பார்க்காத சங்கதியா இது?

சுள்ளியாவில் நம் சனங்கள்

சம்பாஜே வழியாக மலை இறங்க இறங்கக் குளிர் போய் வெக்கை வந்தது. காப்பி மறைந்து பாக்கும் தென்னையும் வந்தன. சுள்ளியாவை நெருங்கும்போது என் தாயார் கத்தினார்: "ஏய், பால்மரம்டா!"

ரப்பர்தான். ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுக் கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கில் பாவாடை கட்டியிருந்தது. மழை தண்டோடு வழிந்து கோட்டில் இறங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பருவமழைக்கு முன்பே தாரைப் பூசி ஒட்டிவிடுகிறார்கள். மழைக்காலத்திலும் வெட்டு நிற்பதில்லை.

மரத்தடியில் நின்ற ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து, "தமிழ் ஆளுங்களா?" என்று கேட்டார். இலங்கை மலையகப் பேச்சு. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்டது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரைச் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் அரசு ரப்பர்த் தோட்டங்கள் போட்டுக் குடியமர்த்தினார்கள். அந்த அம்மாள் வந்தபோது எட்டு வயது.

"அங்க கொழுந்து எடுத்தோம், இங்க பால் வெட்டுறோம், அக்கா. என் பேரப் பிள்ளைங்களுக்குக் கன்னடம், துளு எல்லாம் தண்ணிபட்ட பாடு. வீட்டுல தமிழ்தான்."

என் தாயார் கத்தியை வாங்கிப் பார்த்தார். "நாங்க பிடிக்கிற மாதிரி இல்லியே" என்றார். அடுத்த நிமிடம் இருவரும் பட்டையின் கனத்தையும் ஒட்டுப்பாலையும் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் என் தாயார் கேட்ட கேள்வி: "வீடு?"

"வேலையில இருந்த மட்டும் லயத்துல இருந்தோம். ரிட்டயர் காசும் மகன் ஓட்டுன லோரிக் காசும் சேர்த்து அஞ்சு சென்ட்டுல சொந்தமா ஒரு கூரை போட்டுட்டோம், அக்கா. நீங்க?"

"எங்க தோட்டத்தை வித்துட்டாங்க. இப்ப அடுக்குமாடியில நாலாவது மாடி. மழை பெய்யற சத்தமே கேக்காது."

1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறியது பெரியவர்களுக்கு மறந்திருக்காது. இலங்கையில் ஒப்பந்தம் அனுப்பியது. இங்கே பெர்மிட் அனுப்பியது. உழைத்த மண்ணில் ஒரு துண்டு நிலம் எழுதி வாங்கியிருந்தால் இவர்களை அவ்வளவு சுலபமாகக் கிளப்பியிருக்க முடியுமா?

மழையைக் காசாக்கும் கடற்கரை

பாணெமங்களூரில் நேத்திராவதியைக் கடந்து மங்களூர் சேர்ந்தோம். ஆறு செங்காவி நிறத்தில் கரை தொட்டு ஓடியது. துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கிக் கட்டிக் கிடந்தன. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. மீன் முட்டையிடும் காலம். அந்த நாள்களுக்கு மீனவன் என்ன செய்வான்? தொழில் இருக்கும் மாதங்களில் அவன் கொஞ்சம் கட்ட, மத்திய அரசும் மாநில அரசும் தங்கள் பங்கைச் சேர்த்து, தொழில் இல்லாத மாதங்களில் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம் இந்தியாவில் இருக்கிறது.

அதே ஊரில் மழைக்காற்றையே வேலையாக்கி வைத்திருப்பதையும் பார்த்தோம். காப்பி பதப்படுத்தும் கிடங்கு. பக்கங்கள் திறந்திருக்கும். தரையில் காப்பிக்கொட்டையை அரையடி கனத்துக்குப் பரப்பி, வாரியால் கிளறிவிட்டு, பிறகு சாக்கில் தளர்வாகக் கட்டி, மறுபடியும் கொட்டுகிறார்கள். மூன்று நான்கு மாதம் ஈரக்காற்றைக் குடித்துக் கொட்டை உப்பி, பச்சை நிறம் போய் வைக்கோல் நிறம் ஆகும். மான்சூன் மலபார் என்று பெயர். பாய்க்கப்பல் காலத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர மாதக் கணக்காகும். வழியில் கடல் ஈரம் ஏறிக் கொட்டை தானாக இப்படி மாறும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல் சீக்கிரம் போனதும், பழைய ருசி எங்கே என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். அதற்காகக் கரையிலேயே செய்யத் தொடங்கினார்கள். கெட்ட கொட்டையைக் கையால் பொறுக்குவது பெண்கள். மலைமேல் ஒருத்தி மழையில் நனைகிறாள். கடற்கரையில் ஒருத்தி அதே மழையால் சம்பளம் வாங்குகிறாள்.

நமக்கு என்ன?

மழையை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் மழையின் நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பது மனிதர்கள் முடிவு செய்வது. குடைப் பிரிவு, மரத்துக்குப் பாவாடை, மீனவர் நிதி ஆகிய மூன்றும் அந்த முடிவுகள்தாம்.

நம் நாட்டிலும் ஒரு முடிவு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, நாள் கணக்கில் கூலி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அந்த நாள்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. 2013-இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய தீபகற்பக் குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இவை தானாக நம் கைக்கு வந்து சேரா.

ஆகவே பாட்டாளித் தோழர்களே, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பெரட்டுக்குப் போன நாள், மழையால் திருப்பி அனுப்பிய நாள், வேறு வேலை கொடுத்த நாள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். மாதக் கடைசியில் கூலிச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். 24-க்குக் குறைந்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் போங்கள். வாயால் சொன்ன கணக்கை மேனேஜர் மறுப்பார். தேதி போட்ட கணக்கை மறுக்க அவருக்கும் ஒரு கணக்கு வேண்டும். வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். தோட்டம் கைமாறும் செய்தி காதில் விழுந்த அன்றே குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். மண்வாரி இயந்திரம் வந்த பிறகு எழுத நேரமிருக்காது.