ஒருநாளும் கேம்ப் போகாத கேம்பர்

குனிந்து வாருங்கள், ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைத்திருக்கிறார்கள். முழுசாகத் தூக்கினால் போகிறவர் வருகிறவர் எல்லாம் "பஞ்சர் ஒட்டுவீங்களா?" என்று கேட்டு உயிரை எடுக்கிறார்களாம். கோவை ஆவாரம்பாளையம். ஒரு பக்கம் பம்ப்செட் பவுண்டரி, இன்னொரு பக்கம் லேத் கடை, நடுவில் இந்தப் பட்டறை. ஒரு மாதம் கெஞ்சி, உள்ளே வர அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரே நிபந்தனை, எதையும் தொடக்கூடாது. வந்த இரண்டாவது நிமிடமே தொட்டுவிட்டேன். வலது உள்ளங்கை முழுக்க கிரீஸ்! பொடியன் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பனியன் வேஸ்ட்டை நீட்டினான். திருப்பூர் பக்கத்தில் இருப்பதில் கோவைப் பட்டறைகளுக்கு இது ஒரு கொடுப்பினை. கை துடைக்கும் துணிக்குப் பஞ்சமே கிடையாது.

அதோ, நடுவில் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் சக்கரமில்லாமல் நிற்கிறாரே, அவர்தான் நாம் பார்க்க வந்த ஆள். 2012 மாடல் மஹிந்திரா பொலேரோ கேம்பர். ஃபோர் வீல் டிரைவ், 2,523 சிசி டீசல் இன்ஜின், முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த தொட்டி. பெயரில் கேம்பர் இருக்கிறதே தவிர, பிறந்ததிலிருந்து ஒருநாளும் கேம்ப் போனதில்லை. சிறுமுகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வாழைத்தார், திரும்பும்போது உரமூட்டை. அதுதான் அவர் பார்த்த உலகம். அப்பா ஓட்டிய வண்டி. விற்க அப்பா சம்மதிக்கவில்லை, சும்மா நிறுத்தி வைக்க மகனுக்கு மனசில்லை. ஆகவே மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு வரை போய்வருவது என்று முடிவு. இங்கிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல்.

நான் வந்ததே அந்த மாடிக் கூடாரத்தைப் பார்க்கத்தான். வண்டி மேல் விரிந்து, ஏணி போட்டு ஏறிப் படுக்கலாமே, அது! எங்கே என்று கேட்டேன். மூலையில் உறை பிரிக்காத ஒரு பெரிய பொட்டலத்தைக் காட்டினார் மேஸ்திரி. அதன்மேல் நாலடுக்கு டிபன் கேரியரும் ஒரு பூனையும் உட்கார்ந்திருந்தன.

"அதெல்லாம் கடேசீலதானுங்க அம்மிணி. மொதல்ல இவன் எந்திரிச்சு நடக்கோணும்."

நடக்க வைக்கும் வேலையின் முதல் நாள் கிட்டத்தட்ட கீழடி. தொட்டியின் அடித்தகட்டைப் பெயர்த்தபோது கிடைத்ததை ஒரு தட்டில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். கருத்துக் கெட்டியான வாழைக்கறை, மூன்று இரண்டு ரூபாய்க் காசு, பிடியில்லாத அரிவாள், ஒரு திருநீற்றுப் பொட்டலம், பாதி மக்கிய கல்யாணப் பத்திரிகை. வண்டிக்காரர் பத்திரிகையை மெதுவாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்தக் கல்யாணத்துக்கு நாம போகவே இல்லையே" என்றார். மனைவி, "பத்திரிகை வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்று மாமனாரை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

தகட்டுக்குக் கீழே துரு. உரம் சிந்திய இடமெல்லாம் இரும்பு அப்பளமாக நொறுங்குகிறது. டிங்கரிங் பையன் விரலால் தட்டினான், விரல் மறுபக்கம் வந்துவிட்டது. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூச நான்கு நாள். இன்ஸ்டாகிராமில் இந்த நான்கு நாளை யாரும் போடுவதில்லை.

இப்போது அடியில் போவோம். பேரிங் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்துக் காலால் உந்தினால் சர்ரென்று வண்டிக்கடியில் போய்விடலாம். நான் ஆசை தீர இரண்டு தடவை போனேன், இரண்டாவது தடவை நெற்றியில் இடித்துக்கொண்டேன். மேலே பின்பக்கத்துக் கமான் பட்டைகள். அறுபது வயது மேஸ்திரி ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டுகிறார், காதைச் சாய்த்துக் கேட்கிறார். டங். டங். டொக். "பாத்தீங்களா, இவன் பொய் சொல்றான்." துடைத்துப் பார்த்தால் மயிரிழை விரிசல்.

பட்டை விஷயத்தில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. வண்டிக்காரருக்கு வண்டி உயரமாக நிற்க வேண்டும், படத்தில் பார்த்த மாதிரி.

"ஒயரமா நின்னா அழகுதானுங்க தம்பி. கவுந்தா?"

பட்டறையே அமைதியானது. ரேடியோ மட்டும் பாடியது. மேலே கூடாரம் ஏறினால் வண்டியின் பாரம் ஏற்கெனவே மேலே போகிறது, அதற்குமேல் வண்டியையும் தூக்கினால் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்பதை மேஸ்திரி ஒரு டீ கிளாஸை நுனி விரலில் சாய்த்தே காட்டிவிட்டார். டீ கொஞ்சம் என் நோட்டில். கடைசியில் சமாதானம் இப்படி: விரிசல் பட்டைக்குப் புதுசு, எந்நேரமும் சுமை இருக்கப் போவதால் கூடவே ஒரு பட்டை மட்டும் அதிகம். பிறகு ரப்பர் புஷ், வீல் பேரிங், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட், எல்லாம் புதுசு. இவற்றில் ஒன்றுகூட வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டிக்காரரின் பர்ஸ் பாதி காலியானது இங்கேதான்.

சுவரில் பாருங்கள், பளபளவென்று ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு தொங்குகிறது, அதில் மூன்று துண்டுகள் காய்கின்றன. அது இந்த வண்டியின் முகத்தில் இருந்த புல் பார். நடந்து போகிறவர் மேல் இடித்தால் ஆபத்து, ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதன் வேலையைக் கெடுக்கும் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைக் கூடாது என்றுவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. அதனால் இங்கே சேஸில் கத்தி வைப்பதில்லை. தொட்டிக்குள் வரும் அலமாரி, கூடாரத்தைத் தாங்கும் சட்டம் எல்லாமே போல்ட் போட்டு மாட்டுவது. எது செய்தாலும் முதலில் ஆர்டிஓ ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லி வண்டிக்காரரைத் துரத்துகிறார் மேஸ்திரி. பயண வழியிலும் சட்டம் எட்டிப் பார்க்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் தடை போட்டது, அதன் பிறகு வழக்கு எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எதற்கு வம்பு என்று ஜெய்ப்பூரிலிருந்து ஹிசார் வழியாகப் பென்சிலில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம்: அடுக்களை இழுப்பறை.

வடிவமைத்தவர் வண்டிக்காரரின் மனைவி. பட்டறைத் தரையில் சாக்பீஸால் தொட்டியின் அளவை வரைந்து, அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குக்கர், தோசைக்கல், அஞ்சறைப்பெட்டி, டம்ளர் என்று நிஜப் பாத்திரங்களையே பரப்பி வைத்தார். ஆசாரி காதில் பென்சிலோடு பக்கத்தில் குந்தி, "அக்கா, உப்பு எந்தக் கைக்கு வேணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு ஒரு விருது தரலாம்.

மூன்றாம் நாள் முதல் இழுப்பறை தயார். எல்லோரும் சுற்றி நின்றோம். குக்கரை வைத்தார், தள்ளினார். மூடவில்லை. அரை அங்குலம். விசில் வெயிட் இடிக்கிறது. யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள்.

"வெயிட்டைக் கழட்டித் தனியா வெச்சுக்கட்டா?"

"வெச்சுக்குங்க. அப்பறம் மலை மேல உக்காந்து தேடுவீங்க."

பிரித்து மறுபடி செய்தார் ஆசாரி, முணுமுணுத்துக்கொண்டே. குக்கரை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஸ்பிட்டியின் காஸா ஊர் சுமார் 3,700 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 88 டிகிரிக்குக் கிட்டத்திலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு வைத்தால் கொதி வருமே தவிர, வேக வெகுநேரம் ஆகும். மாமியார் போனில், "இட்லி மாவு எடுத்துட்டுப் போறதுதானே கண்ணு?" என்று கேட்டார். "அந்தக் குளிர்ல புளிக்காதுங்கத்தை." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இட்லி கிடைக்காத இடத்துக்குப் பேரப்பிள்ளைகளை ஏன் கூட்டிப்போகிறார்கள் என்று யோசித்திருப்பார்.

5 கிலோ சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் ஆசாரி வரிசையாக ஓட்டை போடுவதைப் பார்த்தேன். மேலே போட்டால்தானே காற்று போகும்? "கேஸு காத்தை விட கனங்க. கசிஞ்சா கீழதான் தங்கும்" என்றார், நிமிராமலே.

அடுத்தது சத்தப் பரிசோதனை. வண்டிக்கு இன்னும் சக்கரம் மாட்டவில்லையே, அதனால் இழுப்பறையைக் கயிறு கட்டி ஒரு ஆட்டோவில் ஏற்றி, தெருமுனை வேகத்தடை வரை போய் வந்தார்கள். எவர்சில்வர் டம்ளர்கள் போட்ட கூச்சலில் ஒரு பாட்டி சாமி ஊர்வலம் என்று நினைத்து வாசலுக்கு வந்துவிட்டார்! மருந்து என்ன தெரியுமா? டம்ளருக்கு டம்ளர் நடுவே பனியன் வேஸ்ட், தட்டுகளுக்கு அடியில் பழைய செருப்பின் ரப்பர்.

மின்சார வேலை ஒரு இருபத்திரண்டு வயதுத் தம்பியின் பொறுப்பு. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகக்கூடாது. அதற்காக ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி. இணைத்து, ஆரத்தி எடுக்காத குறையாக சுவிட்சைப் போட்டான். பட். ஃபியூஸ் போய்விட்டது. புது ஃபியூஸ். பட். ஒரு மணி நேரம் தேடியதில், இழுப்பறையை இறுக்கிய ஸ்க்ரூ ஒன்று ஒயரைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. "உங்க ஸ்க்ரூ." "உன் ஒயரு." இரண்டு பேரும் மத்தியானம் வரை பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆசாரியின் கேரியரிலிருந்து ஒரு முட்டை தம்பியின் தட்டுக்குப் போனது, விவகாரம் முடிந்தது.

சக்கரம் ஏறிய அன்று சாயங்காலம்தான் பூனையை எழுப்பி, பொட்டலத்தைப் பிரித்தார்கள். தொட்டிக்கு மேலுள்ள சட்டத்தில் ஏற்றி, ஏணியை இழுத்ததும், அடடா, ஒரு குட்டி வீடே மலர்ந்தது. பொடியன்கள் செல்ஃபிக்கு அலைபாய்ந்தார்கள். எனக்கும் ஏற வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆனால் முதலில் ஏறியவர் மேஸ்திரி. "தாங்குதான்னு பாக்கோணுமில்லீங்க" என்றபடி படுத்தவர், மூன்றாவது நிமிடத்தில் குறட்டை. மூன்று வாரக் களைப்பு. யாரும் எழுப்பவில்லை. ரேடியோவை மட்டும் பொடியன் எட்டிக் குறைத்தான்.

அவர் இறங்கிய பிறகு கூடாரத்தை மடிக்க ஆளுக்கொரு மூலை பிடித்தோம். கம்பெனி வீடியோவில் ஒரு நிமிடம்தான் ஆகிறது. எங்கள் ஐந்து பேருக்கு நாற்பது நிமிடம் ஆனது, ஒரு துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது.

மறுநாள் விடியற்காலை எடை மேடை. எல்லாச் சாமானையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் 80 லிட்டர் நிரப்பி, கதவு முழுக்க மஞ்சள் குங்குமத்தோடு வண்டி மேலே ஏறி நின்றது. எடைச் சீட்டைப் பார்த்த வண்டிக்காரர் ஆர்சி புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். ஆள் ஏறும் முன்பே கணக்கு நெருங்கிவிட்டது. அங்கேயே ரோட்டோரம் இறக்க ஆரம்பித்தார்கள். தண்ணீரில் பாதியைப் பக்கத்து வேப்பமரத்துக்கு விட்டதில் ஒரே மூச்சில் 40 கிலோ. மாமியார் கொடுத்த அரிசிச் சிப்பம், ஆறு மடக்கு நாற்காலியில் மூன்று, இரும்புத் தோசைக்கல். தோசைக்கல் மட்டும் இரண்டு தடவை இறங்கி இரண்டு தடவை ஏறியது. கடைசியில் வண்டிக்காரரின் டூல்ஸ் பெட்டியில் பாதி இறங்கி, தோசைக்கல் நிலைத்தது. மேஸ்திரி குறுக்கே பேசவில்லை. எந்த ஸ்பேனர்கள் கட்டாயம் வேண்டும் என்று அவரே எடுத்து அடுக்கி, டயர் சிக்கிக்கொண்டால் அடியில் போடச் சொல்லி இரண்டு சணல் சாக்கையும் சீட்டுக்கடியில் திணித்தார். மணலிலோ சேற்றிலோ இறங்கும் முன் டயர்க் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும் என்று நான்காவது முறையாகச் சொன்னார்.

வரும் ஞாயிறு வெள்ளோட்டம். ஆழியாறிலிருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பக்கம் போகிறவர்கள், கூரைக்கு மேல் மூட்டை கட்டிய ஒரு வெள்ளை கேம்பரைப் பார்த்தால் கை காட்டுங்கள். பின்னாலிருந்து டம்ளர் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஆசாரியிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.